கழற்ற முடியாத இடத்தில் அறுக்க எது நல்லது? மல்ட்டி டூல், கிரைண்டர், ஜிக்சா, கை ரம்பம்

கதவு நிலையின் அடி நாலு விரற்கடை உயரத்துக்கு உளுத்துப் போயிருந்தது. மேலே மரம் கல் மாதிரி இருக்கிறது. கீழே விரலை வைத்தால் மாவாக உதிர்கிறது. கெட்டதை மட்டும் நேராக அறுத்து எடுத்துவிட்டு, அதே அளவுக்குப் புது மரத்துண்டை வைத்து ஒட்டவேண்டும். ரம்பத்தை வைத்துப் பார்த்தால் ஒரு பக்கம் சுவர் இடிக்கிறது, இழுக்க இடமில்லை. வட்டைச் சுழற்றி அறுக்கும் ஆங்கிள் கிரைண்டர் சுவர்ப் பூச்சையும் சேர்த்துத் தின்னும், உள்மூலையை எட்டவும் எட்டாது. மெல்லிய பிளேடு ஏறி இறங்கி அறுக்கும் ஜிக்சாவின் அடித்தட்டு படிவதற்குப் பரப்பே கிடையாது. உளியால் வெட்டினால் அடிக்கிற அடியில் மேலே நல்லாயிருக்கும் மரமும் விரிசல் விடும். பிளேடு சுழலாமல் இடமும் வலமும் ஆடி அறுக்கும் ஆஸிலேட்டிங் மல்ட்டி டூலை அன்றுதான் நான் முதன்முதலாகக் கையில் எடுத்தேன். வேலை முடிந்தபோது சுவரில் ஒரு கீறல்கூட இல்லை.

அதை வைத்து ‘எல்லா வேலைக்கும் இது ஒன்றே போதும்’ என்று நான் எழுதப் போவதில்லை. இந்தக் கருவியைப் பற்றி அதிகமாகச் சொல்லப்படுவதும், வாங்கியவர்களை அதிகமாக ஏமாற்றியதும் அந்த வாக்கியம்தான். பெட்டியின் மேல் பெரிய பட்டியல் இருக்கும்: அறுக்கலாம், தேய்க்கலாம், சுரண்டலாம், கிரவுட் (டைல்ஸ் இடைவெளியை அடைக்கும் பூச்சு) எடுக்கலாம். அத்தனையும் உண்மை. ஆனால் அதில் உள்ள ஒவ்வொரு வேலைக்கும் இதைவிட வேகமான, சுத்தமான தனிக்கருவி ஒன்று இருக்கிறது. அதனால் ‘இதில் என்னவெல்லாம் செய்யலாம்’ என்று பார்த்து முடிவெடுக்காதீர்கள். அறுக்கவேண்டிய பொருளைக் கழற்றி மேசைக்குக் கொண்டுவர முடியுமா என்று பாருங்கள். முடியும் என்றால் பெரும்பாலும் வேறு கருவிதான் சரி. சுவரோடும் தரையோடும் சேர்ந்து நிற்கிறது, அசைக்க முடியாது என்றால் மல்ட்டி டூலுக்கு இணை கிடையாது.

உள்ளே என்ன நடக்கிறது

ஒப்பிடுவதற்கு முன்னால் இந்தக் கருவி எப்படி அறுக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. மோட்டார் தண்டின் முனையில் மையம் சற்றுத் தள்ளிய பேரிங் ஒன்று சுழல்கிறது. அதைக் கவ்வியிருக்கும் கவை அந்தச் சுழற்சியை இடவல ஆட்டமாக மாற்றி, பிளேடு மாட்டிய தண்டுக்குக் கொடுக்கிறது. ஆட்டத்தின் மொத்தக் கோணம் கருவிக்கு ஏற்ப சுமார் 3 முதல் 5 டிகிரி. வேகம் உச்சத்தில் நிமிடத்துக்கு 20,000 ஆட்டம், அதாவது விநாடிக்கு 333.

தண்டின் மையத்திலிருந்து 60 மி.மீ. தள்ளியிருக்கும் ஒரு பல்லை எடுத்துக்கொள்ளுங்கள். கோணம் 3.2 டிகிரி என்றால் அந்தப் பல் போய்வருகிற தூரம் ஏறக்குறைய 3.4 மி.மீ.தான். ஜிக்சாவில் பிளேடு 20 மி.மீ.க்கு மேல் ஏறி இறங்கும். ரெசிப்ரோகேட்டிங் ரம்பத்தில் 30 மி.மீ. அளவுக்குப் போய்வரும். மல்ட்டி டூலின் நல்லது, கெட்டது இரண்டுமே இந்த 3.4 மி.மீ.க்குள் அடங்கிவிடுகிறது. ஆட்டம் சிறியது என்பதால் பிளேடு துள்ளாது, கையை இழுக்காது, நினைத்த கோட்டில் நிற்கும். அதே காரணத்தால் பல்லுக்கு இடையில் சேரும் மரத்தூள் வெளியே வர வழியில்லாமல் வெட்டுக்குள்ளேயே சுற்றும். ஆழமாகப் போகப் போக வேகம் குறைந்து, மரம் கருகும் வாசனை வருவது அதனால்தான். மோட்டாருக்குச் சக்தி போதவில்லை என்று நினைத்து இன்னும் அழுத்துபவர்கள் நிறையப் பேர். அழுத்தினால் தூள் இன்னும் இறுகும், பிளேடு இன்னும் சூடாகும்.

இந்த ஆட்டமே மருத்துவமனையிலிருந்து வந்தது. எலும்பு முறிவுக்குப் போட்ட மாவுக்கட்டைத் தோலைக் காயப்படுத்தாமல் அறுப்பதற்காக ஆடும் வட்டுள்ள கருவியை உருவாக்கி, 1947இல் காப்புரிமை பெற்றார் அமெரிக்க எலும்பு மருத்துவர் ஹோமர் ஸ்ட்ரைக்கர். ஜெர்மனியின் ஃபைன் நிறுவனம் 1967இல் தன் மாவுக்கட்டு ரம்பத்தைக் கொண்டுவந்தது, பின்னர் அதே ஆட்டத்தை முக்கோணத் தேய்ப்பானுக்கும் மரம் அறுக்கும் பிளேடுக்கும் கொண்டுபோனது. அடிப்படைக் காப்புரிமை 2008 வாக்கில் முடிந்த பிறகுதான் மற்ற நிறுவனங்களும் வரிசையாக இறங்கின. மாவுக்கட்டு இறுகிய பொருள், அதனால் அறுபடும். தோல் நெகிழ்ந்து பிளேடோடு சேர்ந்து ஆடும், அதனால் தப்பிக்கும். இதைக் கேள்விப்பட்டுவிட்டு, ஓடுகிற மல்ட்டி டூலை உள்ளங்கையில் வைத்துக்காட்டுகிற ஆட்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள். மரம் அறுக்கும் பிளேடின் பல் பெரியது, கூரானது. அது சதையையும் அறுக்கும்.

கிரைண்டரோடு ஒப்பிட்டால்

வீட்டில் ஏற்கெனவே ஆங்கிள் கிரைண்டர் இருக்கிறது, இதுவும் எதற்கு என்பதுதான் நியாயமான முதல் சந்தேகம். 100 மி.மீ. வட்டு நிமிடத்துக்கு 11,000 சுற்று சுழலும்போது அதன் விளிம்பு விநாடிக்கு ஏறக்குறைய 57 மீட்டர் வேகத்தில் போகிறது. மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல். மல்ட்டி டூலின் பல் சராசரியாக விநாடிக்கு 2 மீட்டரைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். இரும்புக் கம்பி, துருப்பிடித்த தடித்த போல்ட், தரையில் நீளமான டைல்ஸ் வெட்டு என்றால் கிரைண்டர்தான். 10 மி.மீ. போல்ட்டை அது சில விநாடியில் துண்டாக்கும். மல்ட்டி டூல் அதில் ஒரு நல்ல பிளேடைப் பலி வாங்கிவிட்டுப் பாதியில் நிற்கும்.

ஆனால் அந்த 57 மீட்டர்தான் ஆபத்தும். வட்டு எங்காவது சிக்கிக்கொண்டால் கருவி முழுவதும் எகிறிக் கையை மீறி வரும். நெருக்கமான மூலையில், தலைக்குமேல், ஏணியில் நின்றபடி அறுக்கும்போது இப்படி எகிறினால் ஒதுங்க இடமிருக்காது. இதைவிடக் கொடுமை, கிரைண்டரில் மரம் அறுக்கும் பல்வட்டை மாட்டுவது, அதற்காகக் காப்பு மூடியைக் கழற்றிப் போடுவது. கிரைண்டர் அந்த வட்டுக்காகச் செய்யப்பட்டதல்ல. மரத்தில் பல் கடித்துக்கொண்டால் அதை நிறுத்தப் பெரும்பாலான கிரைண்டர்களில் எந்த ஏற்பாடும் இல்லை. மரவேலைக்கென்று மல்ட்டி டூல் வாங்க வேறு காரணம் கிடைக்காவிட்டாலும், கிரைண்டரில் பல்வட்டு மாட்டும் பழக்கத்தை விடுவதற்காகவே வாங்கலாம் என்பேன்.

டைல்ஸ் வேலையில் இரண்டுக்கும் நேரடிப் போட்டி வருவது, நடுவில் உடைந்த ஒரே ஒரு டைலை மாற்றும்போது. சுற்றி எட்டு நல்ல டைல்ஸ். கிரைண்டர் வட்டு ஒருமுறை வழுக்கினால் பக்கத்து டைலின் மெருகில் ஆயுளுக்கும் கீறல். மல்ட்டி டூலில் கார்பைடு என்னும் மிகக் கடினமான பொருளின் பொடி ஒட்டிய அரைவட்ட பிளேடை மாட்டி, கிரவுட் கோட்டின் மேல் முன்னும் பின்னும் நிதானமாக ஓட்டினால் கிரவுட் மட்டும் பொடியாகி வரும். நான்கு பக்கமும் கிரவுட்டை முழுசாக எடுத்துவிட்டுத்தான் சுத்தியலைத் தொடவேண்டும். இல்லாவிட்டால் உடைக்கும் அதிர்ச்சி கிரவுட் வழியாகவே பக்கத்து டைலுக்குப் போகும். உடைப்பதை நடுவில் ஆரம்பித்து ஓரத்துக்கு வாருங்கள். கிரவுட் பிளேடு 2 மி.மீ. அளவுக்குத் தடிமனானதும் உண்டு, அதைவிட மெல்லியதும் உண்டு. வாங்கும் முன் உங்கள் இடைவெளியை அளந்துபாருங்கள். கோட்டைவிட பிளேடு தடிமனாக இருந்தால் கீறலை நாமே விலைகொடுத்து வாங்கியதாகிவிடும். வேகத்தில் கிரைண்டர்தான் முன்னால் நிற்கும், ஐயமில்லை. ஒரு அறை முழுக்கக் கிரவுட் எடுக்க மல்ட்டி டூலோடு உட்கார்ந்தால் கை மரத்துப்போகும். ஒரு டைலுக்கு மல்ட்டி டூல், முழுத் தரைக்கு அது அல்ல.

ஜிக்சா, ரெசிப்ரோகேட்டிங் ரம்பம்

வளைவான வெட்டுக்கு ஜிக்சாவை மிஞ்ச எதுவும் இல்லை. மேசையில் படுத்திருக்கும் பலகையில் மல்ட்டி டூலை வைத்து வளைவு அறுப்பது வீண் பாடு. நேர் வெட்டு நீளமாக இருந்தால் வட்ட ரம்பம், இதில் யோசிக்கவே வேண்டாம்.

மல்ட்டி டூல் முந்துவது ஒரே சூழ்நிலையில்: ஏற்கெனவே மாட்டியிருக்கும் அலமாரியின் பின்பலகையில் பிளக் பாயின்ட்டுக்குச் சதுரத் துளை போடவேண்டும், பலகைக்குப் பின்னால் ஒயரோ குழாயோ இருக்கலாம். ஜிக்சாவுக்கு முதலில் டிரில்லால் ஓட்டை போட்டு பிளேடை உள்ளே விடவேண்டும். விட்ட பிளேடு பலகையைத் தாண்டி ஒவ்வொரு இறக்கத்திலும் உள்ளே குத்திக்கொண்டே இருக்கும். மல்ட்டி டூலில் பிளேடின் மேல் பலகையின் தடிமன் அளவுக்கு ஒரு டேப் ஒட்டிக்கொள்கிறோம். டேப் பலகையைத் தொட்டதும் நிறுத்துகிறோம். மூலைகளும் ஜிக்சா மாதிரி உருண்டையாக இல்லாமல் சதுரமாகவே வரும். அப்படியானாலும் அந்த இடத்துக்குப் போகும் மின்சாரத்தை மெயினில் அணைத்துவிட்டுத்தான் தொடவேண்டும்.

ரெசிப்ரோகேட்டிங் ரம்பம் இடிப்பதற்கான கருவி. பழைய சட்டங்களை ஆணியோடு சேர்த்து அறுத்து வீச வேண்டுமா, அதை எடுங்கள். பக்கத்தில் இருப்பதைக் காப்பாற்ற வேண்டுமா, அதைத் தொடாதீர்கள்.

கை ரம்பமும் உளியும்

இந்த ஒப்பீட்டில் நான் அதிகம் யோசித்தது இங்கேதான். கைக்கருவிகளை மல்ட்டி டூல் ஒழித்துவிட்டது என்று பேசுபவர்களோடு எனக்கு ஒப்புதல் இல்லை.

மேசையில் நடக்கும் மரவேலையில் மல்ட்டி டூலுக்கு இடம் மிகக் குறைவு. உதாரணமாக, பொருத்தில் இறக்கிய மர ஆணியின் தலையைப் பரப்போடு மட்டமாக அறுப்பதை எடுத்துக்கொள்வோம். அதற்கென்றே பல் வெளியே வளைக்கப்படாத மெல்லிய ரம்பம் இருக்கிறது. அதைப் பரப்பின்மேல் படியவைத்து இழுத்தால் பக்கத்து மரத்தில் கோடு விழாது. மல்ட்டி டூல் பிளேடில் பெரும்பாலும் பல் இரண்டு பக்கமும் சற்று விலகி நிற்கும், பரப்பில் படியவைத்தால் வரிவரியாகக் கீறும். மெல்லிய பிளாஸ்டிக் அட்டையில் ஓட்டை போட்டு, மர ஆணியின் தலை அதன் வழியே நீட்டிக்கொண்டிருக்க, அட்டையின் மேல் பிளேடை ஓட்டினால் கீறல் தப்பும். மிச்சமிருக்கும் அட்டைத் தடிமனை உளியால் சீவவேண்டும். கடைசியில் உளிதான் வேலையை முடிக்கிறது என்றால், முதலிலிருந்தே கைரம்பம் எடுத்திருக்கலாம்.

கீல் பதிக்கும் பள்ளமும் அப்படித்தான். கதவு மேசையில் இருந்தால் உளியோ, பள்ளம் எடுக்கும் சிறு மின்கருவியான டிரிம்மர் ரவுட்டரோ சுத்தமாகச் செய்யும். கதவு ஏற்கெனவே நிலையில் தொங்குகிறது, கீல் வைத்த இடம் ஆழம் போதாமல் கதவு இடிக்கிறது என்றால், குறுகிய பிளேடால் ஓரக்கோட்டை அறுத்துவிட்டு நடுவை உளியால் எடுப்பது எளிது. வெட்டைக் கருவி போடும், மட்டத்தை உளி கொண்டுவரும்.

என்னோடு வேலை செய்த வயதான ஆசாரி ஒருவர் நான் நிலையை அறுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “தம்பி, கோடு போட்டியே, அந்தக் கோட்டை உளியால ஒரு கீறு கீறிட்டு அறு” என்றார். உளிமுனையால் கோட்டை ஒரு மி.மீ. ஆழத்துக்குக் கீறினேன். பிளேடு அந்தப் பள்ளத்தில் போய்த் தானே உட்கார்ந்தது. மரநார் பிசிறு பிசிறாகக் கிழிவதும் நின்றது. பிளைவுட்டின் மேல்தாள் தெறிக்காமல் அறுக்கவும் இதே கீறல்தான் மருந்து.

தேய்ப்பதைப் பற்றிச் சுருக்கமாக: முக்கோணத் தட்டில் உப்புத்தாள் ஒட்டி ஜன்னல் சட்டத்தின் உள்மூலையைத் தேய்க்க இது அருமை. மேசைப்பரப்பு போன்ற அகலமான இடத்துக்கு 125 மி.மீ. வட்டத் தேய்ப்பான் (ரேண்டம் ஆர்பிட் சாண்டர்)தான். முக்கோணத்தின் ஒரு முனையை மட்டும் முழு வேகத்தில் அழுத்தித் தேய்த்தால் தட்டின் கொக்கிப் பரப்பே சூட்டில் உருகி, தாள் ஒட்டாமல் போய்விடும். வேகத்தைக் குறைத்து, முனை தேய்ந்ததும் தாளைத் திருப்பி அடுத்த முனைக்குப் போங்கள். ஒரு தாளில் மூன்று முனை இருக்கிறது.

வாங்குவது என்று முடிவானால்: ஒயரா, பேட்டரியா

இதில் ஒரு கணக்குப் போட்டால் தெளிவு கிடைக்கும். 18 வோல்ட், 2 ஆம்பியர் மணி பேட்டரியில் அடங்கியிருப்பது 36 வாட் மணி. கருவி 250 வாட் இழுத்தால் தொடர்ந்து ஓடுவது ஒன்பது நிமிடத்துக்கும் குறைவு. 5 ஆம்பியர் மணி என்றால் 90 வாட் மணி, இருபது நிமிடத்தைச் சற்றுத் தாண்டும். அறுக்கும் வேலை விட்டுவிட்டு நடப்பது, ஒரு வெட்டுக்கு அரை நிமிடம் போதும், அதனால் பேட்டரி ஈடுகொடுக்கும். தேய்ப்பது, கிரவுட் எடுப்பது, தரையில் காய்ந்த பசையைச் சுரண்டுவது எல்லாம் தொடர்ந்து ஓடும் வேலை. அதற்கு ஒயர்தான். சில பெட்டிகளில் 20 வோல்ட் என்று போட்டிருப்பதைப் பார்த்து 18 வோல்ட்டைவிடப் பெரிது என்று நினைக்காதீர்கள். முழு சார்ஜில் சுமையில்லாதபோது 20, வேலை செய்யும்போது 18. செல்கள் ஒன்றேதான்.

உங்களிடம் ஏற்கெனவே ஒரு பேட்டரி டிரில் இருந்தால் அதே பேட்டரியில் ஓடும் மல்ட்டி டூலை வாங்குவது கைக்கு மிச்சம். எதுவும் இல்லை, வருடத்தில் சில தடவைதான் எடுப்பேன் என்பவருக்கு ஒயர் உள்ளதையே சொல்வேன். ஓரமாக வைத்த பேட்டரி சும்மா இருந்தே கெடும். ஒயருக்கு அந்தக் கவலை இல்லை.

அடுத்துப் பார்க்கவேண்டியது வாட் அல்ல, கோணம். 3.2 டிகிரிக்கும் 4 டிகிரிக்கும் வித்தியாசம் சிறிதாகத் தோன்றும். பல் நகரும் தூரத்தில் அது கால்பங்கு கூடுதல்: 3.4 மி.மீ. இருந்தது 4.2 ஆகிறது. தூள் வெளியேறுவது அந்த அளவுக்கு எளிதாகும், வெட்டு வேகமாகும். கோணம் கூடினால் அதிர்வும் கூடும் என்பதை மறக்கவேண்டாம். அறுப்பதுதான் முக்கியம் என்றால் 4 டிகிரியோ மேலேயோ எடுங்கள். தேய்ப்பதும் கிரவுட்டும்தான் அதிகம் என்றால் 3 டிகிரியை ஒட்டியதே கைக்கு இதம். வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டயல் இல்லாத கருவியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் வாங்காதீர்கள். மரத்துக்கு வேகம், இரும்புக்கு நிதானம். இரண்டையும் ஒரே வேகத்தில் அறுக்க முடியாது.

பிளேடு மாட்டும் பிடிப்பு இன்னொரு முடிவு. 2016இல் ஃபைனும் பாஷும் சேர்ந்து கொண்டுவந்த ஸ்டார்லாக் பிடிப்பு கிண்ணம்போல் குழிந்து கவ்வும், பிளேடு நழுவுவதே கிடையாது. அதில் சாதா, பிளஸ், மேக்ஸ் என்று மூன்று நிலை. சாதா பிளேடு மூன்று நிலைக் கருவியிலும் ஏறும். மேக்ஸ் பிளேடு மேக்ஸ் கருவியில் மட்டும்தான் ஏறும். மற்றது, பல நிறுவனங்களின் பிளேடும் ஏறும் வகையில் வாய் திறந்த தட்டையான பிடிப்பு. பிளேடு எங்கும் கிடைக்கும் என்பது அதன் பலம். கருவியை ஒருமுறை வாங்குகிறோம், பிளேடை ஆயுள் முழுக்க வாங்குகிறோம். அதனால் உங்களுக்கு எளிதில் கிடைக்கும் பிளேடு எந்தப் பிடிப்புக்குரியது என்று முதலில் பார்த்துவிட்டு, அதற்கேற்ற கருவியைத் தேடுங்கள்.

பிளேடுதான் கருவி

ஒருமுறை அலமாரியின் அடிச்சட்டத்தை அறுத்துக்கொண்டிருந்தேன். கருவியோடு சேர்த்துக் கொடுத்த மரப் பிளேடு, புத்தம் புதியது. பாதி வழியில் சத்தம் திடீரென்று மாறியது. கீச்சென்ற ஒலி, லேசான பொறி. எடுத்துப் பார்த்தால் நடுவில் ஏழெட்டுப் பல் மழுங்கி வெறும் விளிம்பாகிவிட்டது. உள்ளே ஒரு சிறு ஆணி இருந்திருக்கிறது. இரண்டு விநாடியில் பிளேடு காலி.

பழுது பார்க்கும் வேலையில் மரத்துக்குள் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அதனால் வெறும் மரப் பிளேடு, அதாவது முழுக்கக் கார்பன் ஸ்டீலால் ஆனது, மேசையில் புது மரம் அறுப்பவருக்குத்தான் சரி. நிற்கும் மரத்துக்கு பைமெட்டல் வாங்குங்கள். அதன் உடல் வளைந்துகொடுக்கும் ஸ்டீல், பல் ஹைஸ்பீட் ஸ்டீல். இரண்டையும் சேர்த்த இடத்தில் பல்லுக்குப் பின்னால் மெல்லிய கோடு ஒன்று ஓடும், வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் தெரியும். சாதா ஆணி, செம்புக் குழாய், பிவிசி எல்லாவற்றையும் அது தாங்கும்.

பைமெட்டலும் தோற்கும் இடம் ஒன்று உண்டு: கறுப்பு நிற ஸ்க்ரூ. பிளைவுட் வேலையில் எங்கும் அதுதான் இருக்கிறது. அது கடினப்படுத்திய எஃகு, ஹைஸ்பீட் ஸ்டீல் பல்லை வழித்துவிடும். அதற்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கும் கார்பைடு பல் வைத்த பிளேடு வேண்டும். பைமெட்டலைவிட விலை கூடுதல்தான். நாலைந்து பைமெட்டலைத் தின்னும் வேலையை ஒரு கார்பைடு முடிக்கும் என்பது என் அனுபவம். கார்பைடு பல் இரும்புக்குப் பலசாலி, பக்கவாட்டு அதிர்ச்சிக்கு நோஞ்சான். பிளேடை நெம்புகோலாக்கி மரத்தைப் பிளக்கப் பார்த்தால் பல் பொட்டென்று உதிரும்.

அகலத்தில், 32 மி.மீ.யை ஒட்டிய பிளேடுதான் எப்போதும் கருவியில் இருக்கும். 10 மி.மீ. பிளேடு சின்னத் துளைக்கு. 65 மி.மீ. பிளேடு தரையை ஒட்டி நிலைக்கால் அறுக்க. அரைவட்டம் ஆழமில்லாத நேர்க்கோட்டுக்கு. இருபது முப்பது பிளேடு அடங்கிய மலிவுப் பெட்டியைவிட, இரண்டு பைமெட்டல், ஒரு கார்பைடு, ஒரு முக்கோணத் தட்டு, வளையாத சுரண்டி ஒன்று. இதுவே நீண்ட நாள் போகும்.

வெட்டுப் பழக்கம்

பிளேடின் முழு அகலத்தையும் ஒரே நேரத்தில் மரத்தில் அழுத்தாதீர்கள். ஒரு மூலையால் ஆரம்பித்து, கருவியை இடமும் வலமும் மெல்லச் சாய்த்துக்கொண்டே போனால் ஒரு நேரத்தில் சில பற்கள்தான் கடிக்கும், மறுபக்கம் தூள் வெளியே வரும். ஐந்தாறு விநாடிக்கு ஒருமுறை பிளேடை வெளியே இழுத்து மூச்சு விடவையுங்கள். கார்பன் ஸ்டீல் பிளேடின் நுனி நீலம் பூத்துவிட்டால் அந்த ஸ்டீலின் கடினம் போய்விட்டது என்று அர்த்தம், இனி அது அறுக்காது. அறுத்து முடித்ததும் வெறும் கையால் பிளேடைக் கழற்றவும் கூடாது. கொப்புளம் போடும் அளவுக்குச் சூடு இருக்கும்.

நிலைக்கால் அடியைப் புது டைல்ஸின் உயரத்துக்கு அறுக்கவேண்டி வந்தால் அளவே எடுக்கவேண்டாம். போடப்போகும் டைலில் ஒரு துண்டையும், அதன் கீழே வரும் பசையின் தடிமனுக்கு ஓர் அட்டையையும் தரையில் வைத்து, அதன்மேல் பிளேடைப் படியவைத்து அறுங்கள். அப்புறம் டைல் தானே உள்ளே நுழையும். சுவரில் நேர்க்கோட்டில் அறுக்க ஒரு சட்டத்தை ஸ்க்ரூவால் இறுக்கி, அதை ஒட்டி பிளேடை நடத்துங்கள். வெறும் கையால் தொடங்கினால் முதல் விநாடியில் பிளேடு பரப்பின்மேல் நடனமாடிக் கோட்டைக் கெடுக்கும்.

அதிர்வைச் சாதாரணமாக எடுக்காதீர்கள். ஐரோப்பிய விதிப்படி எட்டு மணி நேர வேலைநாளுக்குச் சராசரியாக 2.5 மீ/வி² (அதிர்வை அளக்கும் அலகு) அதிர்வைத் தாண்டினாலே அதைக் குறைக்க முதலாளி நடவடிக்கை எடுக்கவேண்டும். 5 மீ/வி² கடைசி வரம்பு. 8 மீ/வி² அதிரும் ஒரு கருவியைப் பிடித்தால் அந்த முதல் அளவை ஏறக்குறைய 47 நிமிடத்தில் எட்டிவிடுவீர்கள். விரல் நுனி மரத்தால் நிறுத்துங்கள், இன்னும் கொஞ்சம்தானே என்று தொடராதீர்கள். கிரவுட், சிமெண்ட், டைல்ஸ் தூசியில் சிலிக்கா இருக்கிறது, அது நுரையீரலில் தங்கும். துணி கட்டினால் போதாது, நுண்தூசியைத் தடுக்கும் முகக்கவசம் வேண்டும். பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை இந்தக் கருவியால் மட்டுமல்ல, எதனாலும் நீங்களே அறுக்கவேண்டாம். காதுக்கு அடைப்பான், கண்ணுக்குக் கண்ணாடி எப்போதும்.

யாருக்கு வேண்டாம்

புது மரத்தில் மேசை, நாற்காலி, பெட்டி செய்வதுதான் உங்கள் ஆர்வம் என்றால் இந்தக் காசை நல்ல உளிகளிலும் சாணைக்கல்லிலும் போடுங்கள். வீட்டுக்கு முதல் மின்கருவி வாங்குபவருக்கு டிரில்தான் முதலில். அடுத்து, அறுப்பது அதிகமா என்று பார்த்து ஜிக்சாவோ வட்ட ரம்பமோ. மல்ட்டி டூல் அதற்கும் பிறகு வரட்டும். பழைய வீட்டில் குடியிருப்பவர்கள், தாங்களே பழுது பார்ப்பவர்கள், மாட்டிய அலமாரியையும் நிலையையும் திருத்திக்கொண்டே இருப்பவர்கள் இந்த வரிசையை மாற்றி டிரில்லுக்கு அடுத்ததாகவே இதை வாங்கலாம்.

ஒரே ஒரு வேலைதான், ஒரு நிலைக்கால், ஒரு டைல் என்றால் தெரிந்தவரிடம் கருவியை இரவல் கேளுங்கள். பிளேடை மட்டும் நீங்களே புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள். இரவல் பிளேடின் பல் எந்த ஆணியைப் பார்த்திருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. திருப்பிக் கொடுக்கும் முன் பிளேடைக் கழற்றி, பிடிப்பின் குழியில் அப்பியிருக்கும் தூசியை ஒரு பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் துலக்கிக் கொடுங்கள். அங்கே தூசி தங்கினால் அடுத்த பிளேடு சரியாகப் படியாமல் ஆடும், ஆடினால் பிடிப்பே தேய்ந்துவிடும்.